இன்னொரு வட்டம்

செயின்ட்-மிஷேலில் மாலை வேளைகளில் உலாவப் போகிறவன் ஆகாயத்தைப் பார்க்காமல் வீடு திரும்புவது அரிது. காலடியில் கிடக்கும் பூமியோ தன் பூர்வ சரித்திரத்தை மூடிவைத்திருக்கும் பூமி: மொன்றியல் நகரம் எழுவதற்கு வேண்டிய சுண்ணாம்புக் கல்லையும் சிமெந்தையும் கொடுத்துக் கொடுத்தே எழுபது மீட்டர் ஆழப் பள்ளமாகிப்போன மிரோன் கல்குவாரி, 1968 முதல் அதே நகரத்தின் குப்பையை வயிறு நிறைய வாங்கிக்கொண்டு, இப்பொழுது மேலே மண்ணும் புல்லும் போர்த்தி, பிரெடெரிக் பாக் பூங்கா என்ற நல்ல பெயருடன் படுத்திருக்கிறது. உள்ளே மக்கும் குப்பையின் வாயுவை வடித்தெடுக்கும் கிணறுகளின் மேல் பெரிய வெண்கோளங்கள் கவிழ்ந்திருக்கின்றன. அவற்றுக்கு மேலே, காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில், டோர்வல் விமான நிலையத்தை நோக்கி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து செல்லும்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒருநாள், அவ்வாறு தாழ்ந்துகொண்டிருந்த விமானம் ஒன்று, வாசற்படி வரை வந்துவிட்டு எதையோ நினைத்துக்கொண்டு திரும்புகிற மனிதனைப்போல, மூக்கை நிமிர்த்திப் பெருமுழக்கத்துடன் மீண்டும் மேலேறிப் போயிற்று. இதில் அதிசயம் எதுவுமில்லை. ஓடுபாதையில் முன்னே போனது இன்னும் விலகாதிருக்கலாம். காற்று திசை மாறியிருக்கலாம். விமானியின் மனத்தில் ஒரு சிறு சந்தேகம் எழுந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் இறங்காதே, இன்னொரு வட்டம் சுற்றி வா என்பதுதான் பறப்புத் தொழிலின் பாலபாடம். ஆயினும் அந்தச் சாதாரணக் காட்சி, எண்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்து, மூன்றே உருவங்கள் எடுத்து, போர்முனை எதையும் காணாமல் மறைந்துபோன ஒரு விமானத்தை என் நினைவில் கொண்டுவந்து நிறுத்தியது. கர்ட்டிஸ் எக்ஸ்எஃப்15சி என்பது அதன் பெயர். பெயர் என்று அதைச் சொல்வதுகூட உபசாரந்தான்; பிழைத்திருந்தால் சூட்டியிருப்பார்கள் என்று விடப்பட்ட வெறும் எழுத்தும் எண்ணும் அது.

விமானந்தாங்கிக் கப்பல்களைப் பற்றி எனக்குச் சிறுவயதிலேயே ஓர் ஈடுபாடு உண்டாயிற்று. அதற்குக் காரணம், எங்கள் மட்டக்களப்புக் கடலுக்கு அடியில் அப்படி ஒரு கப்பல் கிடப்பதுதான். ஹெர்மீஸ் என்ற அந்தப் பிரிட்டிஷ் கப்பலை 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் குண்டு விமானங்கள் மூழ்கடித்தன. முந்நூற்றேழு பேர் மாண்டனர். விமானங்களைத் தாங்குவதற்கென்றே பிறந்த அந்தக் கப்பலின் தளத்தில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. அன்று காலை முழங்கிய முழக்கத்தைத் தம் தகப்பனார் கேட்டதாக என் மாமா சொல்வார். சொல்லி முடிக்கும்போதெல்லாம், குருவியில்லாத கூட்டுக்கு ஏன் அவ்வளவு பெரிய மரம் என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு வெற்றிலையை மடிப்பார். அந்தக் கேள்விதான் என்னைக் கடற்படை விமானங்களின் வரலாற்றுக்குள் கொண்டுபோய்விட்டது.

கடலில் இறங்கும் விமானியின் கஷ்டம் தரையில் இறங்குகிறவனுக்குத் தெரியாது. அந்நாளைய கப்பல்தளம் கப்பலின் நீளப்போக்கிலேயே நேராக விரிந்திருந்தது. பின்புறத்தில் குறுக்கே கட்டிய கம்பிவடங்களில் ஒன்றை விமானத்தின் வாற்கொக்கி பற்ற வேண்டும். பற்றத் தவறினால் நடுவில் நிறுத்திய தடுப்பில் மோத வேண்டும். தடுப்பையும் தாண்டினால், அப்பால் நிறுத்திவைத்த விமானங்களின் மேலும் அவற்றைச் சுற்றி நிற்கும் மனிதர்களின் மேலும் போய் விழ வேண்டும். ஆகவே இறங்குவதா வேண்டாமா என்ற முடிவு, தளத்தின் விளிம்பில் இரு கைகளிலும் மட்டைகளைப் பிடித்து நிற்கும் சைகைக்காரனின் கையில் கடைசி நொடிவரை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மட்டைகளைத் தலைக்குமேல் வீசிவிட்டால், விமானி அந்தக் கணமே விசையைக் கூட்டி மேலெழுந்து இன்னொரு வட்டம் போயாக வேண்டும்.

பிஸ்டன் யந்திரம் இதற்கு ஏற்ற வேலைக்காரன். விசைப்பிடியைத் தள்ளியதும் சீறும். காற்றாடி அள்ளி வீசும் காற்று சிறகின்மேல் பாய்ந்து உடனே தூக்கும் விசையைத் தரும். 1940களில் புதிதாக வந்த ஜெட் யந்திரமோ பெருமையுள்ள விருந்தாளியைப் போன்றது. வேகம் அதற்குக் குறைவில்லை. ஆனால் கூப்பிட்டால் உடனே எழுந்து வராது. குறைந்த சுழற்சியில் கிடக்கும் அதன் உருளை முழுவேகத்துக்கு வரப் பல விநாடிகள் பிடிக்கும். கப்பல்தளத்துக்கு முப்பது அடி மேலே இருக்கிற விமானிக்குப் பல விநாடி என்பது ஓர் ஆயுள். அது எரிபொருளைக் குடிக்கும் அளவோ, நெடுநேரம் கடல்மேல் சுற்றிக் காவல் காக்க வேண்டிய விமானத்துக்குக் கட்டுபடியாகாத அளவு. வேகம் வேண்டும், அதற்கு ஜெட் வேண்டும். திரும்பி வந்து பத்திரமாக இறங்கவும் வேண்டும், அதற்குப் பிஸ்டன் வேண்டும். இந்த இரு தேவைகளுக்கும் நடுவே அகப்பட்ட அமெரிக்கக் கடற்படை, குடும்பத்தில் பழைய மருமகளையும் விடாமல் புதிய மருமகளையும் அழைத்துக்கொண்ட மாமியாரின் சாமர்த்தியத்துடன், இரண்டையும் ஒரே உடலுக்குள் வைத்துவிடத் தீர்மானித்தது.

1944 ஏப்ரல் 7 அன்று கர்ட்டிஸ் நிறுவனத்துடன் மூன்று முன்மாதிரிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. அந்த நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை என்று அப்பொழுது தோன்றியிருக்கும். 1910 நவம்பர் 14 அன்று யூஜின் ஈலி என்பவர் பர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பலின் முகப்பில் அடித்த பலகைமேடையிலிருந்து பறந்தெழுந்ததும், 1911 ஜனவரி 18 அன்று பென்சில்வேனியா என்ற கப்பலின்மேல், இரு முனைகளிலும் மணல்மூட்டைகள் கட்டிக் குறுக்கே போட்ட கயிறுகளில் கொக்கி மாட்டி இறங்கியதும் கர்ட்டிஸ் விமானத்தில்தான். இங்கே செயின்ட் லோரன்ஸ் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லோங்கேயிலுங்கூட, யுத்த காலத்தில் கர்ட்டிஸின் ஹெல்டைவர் என்ற கடற்படைக் குண்டு விமானங்களில் முந்நூறு ஃபேர்சைல்ட் தொழிற்சாலையில் உருவாயின. கப்பலும் விமானமும் முதன்முதல் கைகோத்த நாளிலிருந்து கூட இருந்த அந்தப் பெயர், அமெரிக்கக் கடற்படைக்குச் செய்துகொடுத்த கடைசிப் போர்விமானம் இந்த எக்ஸ்எஃப்15சிதான் என்பது பின்னால் விளங்கிய விஷயம்.

அதன் மூக்கில் 2,100 குதிரைவலுவுள்ள பிராட் அண்ட் விட்னி யந்திரமும் நான்கு அலகுக் காற்றாடியும். வயிற்றில் 2,700 பவுண்டு உந்துவிசை தரும் ஜெட் யந்திரம். இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் படைத்த காப்ளின் என்ற அந்த ஜெட்டை அமெரிக்காவில் செய்யும் உரிமையைப் பெற்றிருந்தது, டிராக்டர்களுக்குப் பேர்போன அலிஸ்-சால்மர்ஸ். வயிற்று யந்திரம் தன் அனல்மூச்சை விடுவதற்கு இடம் வேண்டியிருந்ததால், உடலின் பின்பாதி மேலே மெலிந்து நீள, முன்பாதி கீழே உப்பித் தொங்க, கருவுற்ற தும்பி ஒன்றை நினைவூட்டும் உருவம் அதற்கு வாய்த்தது. நெடுந்தூரம் போகவும், வட்டமிடவும், இறங்கவும் காற்றாடி. எழும்பும்போதும் எதிரியைத் துரத்தும்போதும் ஜெட். காற்றாடி மட்டும் சுழன்றால் மணிக்கு 373 மைல். இரண்டும் சேர்ந்தால் 469 மைல். கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது.

1945 பிப்ரவரி 27 அன்று முதல் முன்மாதிரி, ஜெட் இன்னும் வந்துசேராமையால் அதற்குரிய இடம் வெறுமையாகவே இருக்க, பழைய யந்திரத்தை மட்டும் நம்பிப் பறந்தது. ஜெட் பொருத்தப்பட்ட பிறகு, ஐரோப்பாவில் யுத்தம் முடிந்ததென்று உலகம் கொண்டாடிய மே 8ஆம் தேதி, இறங்குவதற்காகத் தாழ்ந்து வருகையில் எரிபொருள் வரவு அறுந்து விழுந்து நொறுங்கிற்று, விமானி உயிரிழந்தார். இரண்டு அடுப்பு இருந்து என்ன, எண்ணெய் வராவிட்டால் இரண்டும் ஒன்றுதான். எந்தக் கணத்துக்காக அந்த இரட்டை ஏற்பாடெல்லாம் செய்யப்பட்டதோ அந்தக் கணத்திலேயே அது கைவிட்டது. பின்னும் இரண்டு முன்மாதிரிகள் பறந்தன. நிலைத்தன்மை போதாதென்று வாலின் கிடைச்சிறகை உச்சிக்கு உயர்த்திப் பார்த்தார்கள். 1946 அக்டோபரில் திட்டம் முழுவதும் கைவிடப்பட்டது. மூன்றில் ஒன்று அருங்காட்சியகப் பொருளாக எஞ்சியது.

இதே சித்தாந்தத்தில் பிறந்த இன்னொரு விமானம், ரயன் நிறுவனத்தின் ஃபயர்பால், சற்று அதிக அதிர்ஷ்டசாலி. அறுபத்தாறு உருவங்கள் வெளிவந்தன. யுத்தம் முடிந்ததும் மிச்ச உத்தரவுகள் ரத்தாயின. ஆனால் அது ஒருநாள் செய்த காரியம் மிகவும் ரசமானது. 1945 நவம்பர் 6 அன்று வேக் ஐலண்ட் என்ற கப்பலில் இறங்க வந்துகொண்டிருந்த ஃபயர்பால் ஒன்றின் பிஸ்டன் யந்திரம் பழுதாயிற்று. விமானி வெஸ்ட் வேறு வழியின்றி ஜெட்டை முடுக்கி, அதன் பலத்திலேயே வந்து, கடைசி வடத்தைப் பற்றித் தளத்தில் நின்றார். ஜெட் விசையால் கப்பலில் இறங்கிய முதல் நிகழ்ச்சி அது. நம்பத் தகாதென்று துணைக்கு வைத்த புதியது கரைசேர்த்தது. அதற்குக் காவலாக வைத்த பழையது காலை வாரிவிட்டது. அடுத்த மாதமே, டிசம்பர் 3 அன்று, எரிக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் விமானி ஓஷன் என்ற கப்பலில் காற்றாடியே இல்லாத வாம்பயர் விமானத்தை இறக்கினார். அந்த வாம்பயரின் ஒரே யந்திரம் எது தெரியுமா? எக்ஸ்எஃப்15சியின் வயிற்றில் இரண்டாந்தர ஸ்தானத்தில் அடைபட்டுக் கிடந்த அதே காப்ளின்! அங்கே தனியாக நம்பப்படாதது இங்கே தனியாகவே போதுமானதாயிற்று. சில ஆண்டுகளில் மொன்றியலின் சேமப்படை ஸ்குவாட்ரன்கள் செயின்ட்-உபேர் தளத்திலிருந்து வாம்பயர்களை ஓட்டின. இந்திய விமானப்படையின் முதல் ஜெட்டும் அதுவே. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மீஸுடன் கூடவே மூழ்கிய ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் பெயரும் வாம்பயர் என்பதை அறிந்த நாளில், மாமா உயிரோடிருந்தால் சொல்லியிருக்கலாமே என்று ஏங்கினேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, கலப்பு விசை விமானத்தைச் செய்தவர்கள் துணிவற்றவர்கள் என்றும், ஜெட்டின் மகிமையை உணராத பழமைவாதிகள் என்றும் தீர்ப்புச் சொல்வது எளிது. நானும் வெகுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது அநியாயம். வாம்பயர் ஒருமுறை இறங்கிக் காட்டியதனால், அவர்களை உறுத்திய பிரச்னை தீர்ந்துவிடவில்லை. ஜெட் யந்திரம் தாமதமாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நேர்த்தளத்தின் முன்பாதியில் விமானங்கள் நெருங்கியே நின்றன. தடுப்பில் மோதுவதும் தொடர்ந்தது. அவர்களுடைய பயம் மெய்யான பயம். அந்தப் பயத்துக்குரிய பரிகாரத்தை விமானத்துக்குள் தேடினார்கள் என்பது ஒன்றே அவர்கள் செய்த பிழை.

பரிகாரம் வேறிடத்தில் இருந்தது. 1951 ஆகஸ்டில் இங்கிலாந்தில் டென்னிஸ் காம்பெல் என்ற கடற்படை அதிகாரியும் லூயிஸ் பாடிங்டன் என்ற பொறியியலாளரும் ஒரு யோசனையில் ஒன்றுபட்டார்கள்: இறங்கும் பாதையைக் கப்பலின் நேர்ப்போக்கிலிருந்து சில பாகைகள் இடப்புறமாகத் திருப்பிவிட்டால் என்ன? அப்பொழுது பாதையின் முடிவில் நிறுத்திவைத்த விமானங்கள் இல்லை, தடுப்பு இல்லை, மனிதர் இல்லை, வெறும் கடல்தான். கொக்கி வடத்தைத் தவறவிட்டாலும் குடி முழுகிவிடாது. அப்படியே ஓடி, விளிம்பைக் கடந்து, பறந்து, இன்னொரு வட்டம் வரலாம். தவறினாலும் எழும்பலாம் என்ற உறுதி இருப்பதால், விசையை முன்கூட்டியே குறைக்க வேண்டியதில்லை. விசையைக் குறைக்காததால், தாமதமாகப் பதில் சொல்லும் ஜெட்டை எழுப்பிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மறுவருஷம் ட்ரையம்ஃப் என்ற கப்பலில் இதைப் பரீட்சித்தபோது தளத்தின் இரும்பைக்கூட அவர்கள் வெட்டவில்லை. சாய்வாக ஒரு பாதையைச் சாயத்தால் வரைந்தார்கள். அவ்வளவே. ஏறக்குறைய அதே காலத்தில் குட்ஹார்ட் என்ற இன்னொரு அதிகாரி, ஒரு பெண்மணியின் கைக்கண்ணாடியையும் உதட்டுச்சாயத்தையும் வாங்கி மேஜைமேல் வைத்து, மட்டைகளை வீசும் மனிதனுக்குப் பதிலாகக் கண்ணாடியில் தெரியும் ஒளிப்பொட்டே விமானிக்கு வழிகாட்டும் என்று செய்துகாட்டினார். ஆயிரக்கணக்கான குதிரைவலுவை இரட்டிப்பாக்கித் தீர்க்கப் பார்த்த சங்கடம், கொஞ்சம் சாயத்திலும் ஒரு கண்ணாடியிலும் தீரத் தொடங்கிற்று.

கனடாவின் போனவெஞ்சர் என்ற விமானந்தாங்கி 1957 ஜனவரி 17 அன்று பெல்ஃபாஸ்ட் நகரில் பணியில் சேர்ந்தபோது இந்தச் சாய்தளத்துடனும் கண்ணாடியுடனும் சேர்ந்தது. கியூபெக் கரையோரத்தில், கடற்பறவைகள் பல்லாயிரமாகக் கூடுகட்டும் ஒரு தீவின் பெயர் அது. பறவைகள் போய்ப் போய் வந்திறங்கும் இடத்தின் பெயரைக் கப்பலுக்கு வைத்தவர் யாராயினும் நல்ல ரசிகர். அதே வகுப்பைச் சேர்ந்த உடன்பிறப்பொன்று, அதே பெல்ஃபாஸ்ட் பட்டறையில் சாய்தளம் பெற்று, 1961 மார்ச் 4 அன்று விக்ராந்த் என்ற பெயரில் இந்தியாவுக்கு உரியதாயிற்று. 1971 டிசம்பரில் அதன் தளத்திலிருந்து சீஹாக் ஜெட்டுகள் வங்கக் கடலின்மேல் எழுந்தும் இறங்கியும் போர் செய்தன. இரண்டு யந்திரம் எதற்கும் வேண்டியிருக்கவில்லை. இதற்கிடையில் மொன்றியலிலேயே, கார்ட்டியர்வில்லில் இருந்த கனடேர் நிறுவனத்தார், சிறகையே யந்திரங்களோடு செங்குத்தாகத் திருப்பி ஹெலிகாப்டரைப்போல் எழும்பும் சிஎல்-84 என்ற விமானத்தை 1965இல் பறக்கவிட்டார்கள். 1974இல் அமெரிக்கக் கப்பலொன்றின்மேல் அது அழகாக இறங்கியும் காட்டிற்று. நான்கு உருவங்களுக்குமேல் அதற்கும் ஆயுள் கிடைக்கவில்லை. விமானத்துக்குள்ளேயே விடையைத் தேடுகிற ஆசை மனிதனை எளிதில் விடுவதில்லை.

என்னையும் அது விடவில்லை என்பதை மாஸ்ரர்தான் எனக்கு உணர்த்தினார். 1986 கோடையில், மெட்ரோவின் நீலப்பாதை செயின்ட்-மிஷேல் வரை வந்து நின்ற அதே கோடையில், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்ட அதே கோடையில், அவர் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கினார். ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே ஒரு தையற்சாலையில் பொதி கட்டுகிறவர். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் அவர் வாங்கும் பனிச் சப்பாத்து, கடையில் இருப்பதிலேயே மலிவான சப்பாத்தாக இருக்கும். மார்ச்சுக்குள் அடி பிளந்து நீர் உள்ளே வரும். நல்லதாக ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டால், "இது கடைசிக் குளிர் தம்பி, அடுத்த வருஷம் நான் ஊரில" என்பார். பதினாறு குளிர்காலம் இந்தப் பதிலைச் சொன்னார். இங்கே வாழ ஒரு யந்திரமும், திரும்பிப் போக ஒரு யந்திரமுமாக இரண்டையும் சுமந்து, இரண்டில் எதையும் முழுவிசையில் ஓட்டாமல் அவர் பறந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்து நான் மனத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கட்டிலுக்கு அடியில் பத்தாண்டுகளாகப் பிரிக்கப்படாத பெட்டியொன்று கிடந்ததை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டு.

2002இல் இலங்கையில் யுத்தநிறுத்தம் வந்தது. மாஸ்ரர் ஊருக்குப் போய் ஆறு வாரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த நவம்பரில், உள்ளே ஆட்டு ரோமம் வைத்த, முழங்காலளவு உயர்ந்த, உறுதியான தோற்சப்பாத்தொன்றை வாங்கிவந்து வாசலில் வைத்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்காத கேள்விக்கு அவராகவே பதில் சொன்னார்: "போய் வரலாமெண்டா இருக்கலாம் தம்பி."

இத்தனை நூல்களைப் படித்தும் எனக்கு எட்டாமற்போன சாய்தளத்தின் தத்துவம், கணக்கு வாத்தியாரின் அந்த ஒற்றை வரிக்குள் அடங்கியிருந்தது. அவர் தம் இரண்டு யந்திரங்களில் ஒன்றைத் துணிந்து கழற்றி எறிந்துவிடவில்லை. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடவுமில்லை. இறங்கும் இடத்தின் முடிவில் அதுவரை நின்ற தடுப்பு விலகி, அப்பால் வெளி தெரிந்தது. தவறினால் இன்னொரு வட்டம் சுற்றி வரலாம் என்று தெரிந்த மாத்திரத்தில், இரண்டாவது யந்திரத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. அகதியைப் பார்த்து, நீ இங்கா அங்கா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்று உபதேசிக்கிறவர்கள் அனைவரும் விமானத்தைத் திருத்தப் பார்ப்பவர்கள். தளத்தைச் சில பாகை திருப்பலாம் என்று நினைப்பவர் எப்பொழுதும் சிலரே.

விடைபெறும் வேளையில் 'போகிறேன்' என்று சொல்லலாகாது, 'போய் வருகிறேன்' என்றே சொல்ல வேண்டும் என்று எங்கள் வீடுகளில் குழந்தைகளுக்குக் கற்பிப்பார்கள். மங்கலத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றே நான் அதை நினைத்திருந்தேன். புறப்படுகிற சொல்லுக்குள்ளேயே வருகிற சொல்லையும் வைத்துக் கட்டிய முன்னோர், மனிதன் நிம்மதியாகப் புறப்படுவதற்கும் நிம்மதியாகத் தங்குவதற்கும் எது வேண்டும் என்பதைக் காம்பெலுக்கு முன்பே அறிந்திருந்தார்கள் போலும்.

மாஸ்ரர் இப்பொழுது இல்லை. அந்தச் சப்பாத்து இருக்கிறது. அவருடைய பேரன் அணிகிறான். நீலப்பாதையைச் செயின்ட்-மிஷேலுக்கு அப்பால் அஞ்சூ வரை கொண்டுபோகப் பூமியைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்று மேலேறிப் போன விமானம் கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, வெண்கோளங்களின்மேல் விளக்கொளியைச் சிந்தி, அவசரமில்லாமல் மேற்கே தாழ்ந்து மறைந்தது. உள்ளே இருந்தவர்களில் சிலர் தாமதத்தை எண்ணி முணுமுணுத்திருப்பார்கள். அந்தக் கால்மணி நேரத்தைச் சம்பாதித்துக் கொடுப்பதற்காகவே ஒரு காலத்தில் ஒரு விமானம் இரண்டு யந்திரங்களுடன் பிறந்தது என்பதை அவர்களில் எவரும் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.